லைலா சேர்த்த அந்த ஒரு வரி

லைலா இறந்துவிட்டாள். காலையில் அவள் மகள் போன் செய்தாள்... மதியமே பள்ளிவாசலில் அடக்கம்.

எண்பதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு கோடவுனுக்கு மேலே சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். புரோகிராமர்களில் பெண்கள் நாங்கள் இருவர்தான். எங்கள் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். வாயே திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

"எடீ, சாயா வேணும்னா வாயத் தொறந்து கேளு. யாரும் உன் மொகத்தப் பாத்து ஊத்த மாட்டாங்க."

வேலை இருக்கும்வரை நிக்காஹ் பேச்சை எடுப்பதில்லை என்று அவள் வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புரோகிராம் எழுதும் மொழி ஃபோர்ட்ரான்; எங்கள் மெஷினில் அதன் புதிய பதிப்பு. களமசேரி ஃபாக்டரியில் பழையது. சம்பள புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும்.

லீவ் நாட்களை ஒவ்வொன்றாகக் கழிக்க, திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு லூப். எண்ணிக்கை பூஜ்யம் என்றால் புதியது அதற்குள் போகாது. பழையதோ ஒரு முறையாவது போய்விட்டுத்தான் வெளியே வரும். அதைத் தடுக்க லைலா ஒரு வரி சேர்த்திருந்தாள். அன்றைக்கு ஒரு வரி என்றால் துளையிட்ட ஒரு கார்டு.

புதிதாக வந்த மேனேஜர் அந்தக் கார்டை உருவி எடுத்தார். "புதியதுல இது வேண்டல்லோ. எந்தினா வெறுதே?" தேவையில்லாததை எதற்கு வீணாக வைக்க வேண்டும் என்று.

"சார், களமசேரியில பழசுதான். இருந்தா யாருக்கும் தொந்தரவில்ல. எடுத்தா அங்க தப்பா வரும்."

அவர் எங்கள் மெஷினில் ஓட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. அந்தக் கார்டு இல்லாமலே கட்டு களமசேரிக்கு பஸ் ஏறியது.

அந்த மாதம், ஒரு நாள்கூட லீவ் எடுக்காத தொழிலாளிகளுக்கெல்லாம் ஒரு நாள் லீவ் விழுந்தது. சம்பளம் பிடித்துவிட்டார்கள். ஃபாக்டரி வாசலில் ஒரே கூச்சல்.

யார் எழுதிய புரோகிராம் என்று எங்கள் முதலாளி கேட்டார். மேனேஜர் லைலாவைக் காட்டினார்.

நான் எழுந்து, கார்டை எடுத்தது சார்தான் என்றேன்.

"ஓ, இந்தக் குட்டிக்கு சப்தமும் உண்டோ?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும்...

அன்றே லைலாவை அனுப்பிவிட்டார்கள். மரப்படியில் இறங்கும்போது சொன்னாள்: "இன்னிக்கு எங்க வாப்பாக்குத்தான்டீ பெருநாளு."

மழை பிடிப்பதற்குள் நிக்காஹ். அதற்குப் பிறகு எந்த மெஷினையும் அவள் தொடவில்லை.

காலையில் மகள் கேட்டாள், "உம்மா போன்ல உங்க நம்பர் இருந்துச்சு ஆன்ட்டி. உம்மாவ எப்படித் தெரியும்?"

"ஒண்ணா வேலை பாத்தோம்மா."

"உம்மா வேலைக்குப் போயிருக்காங்களா?"

எல்லாம் சொன்னேன், லைலா. உன் மகள் பாதியிலேயே அழுதுவிட்டாள்.

போய் வாடீ.