இரண்டு கிலோ சாவி

என் மகள் பவித்ரா எங்கள் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள், லேபில் நூலுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். நான் அப்போது ரிங் ஃபிரேமுக்கு அடியில் படுத்து பேரிங் மாட்டிக்கொண்டிருந்தேன். "ஃபிட்டர் அண்ணே, ஒங்க மக!" என்று யாரோ கத்த, பதறி எழுந்ததில் மெஷினில் முட்டி என் நெற்றி வீங்கிவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் என்னைத்தான் பெட்டில் படுக்கச் சொன்னார்.

பவித்ராவைச் சோதித்த டாக்டரம்மா, "யூரின் இன்ஃபெக்‌ஷன். ஒடம்புல தண்ணியே இல்ல. வேலை நேரத்துல எவ்வளவு தண்ணிம்மா குடிப்ப?" என்று கேட்டார்.

"குடிக்க மாட்டேன் டாக்டர்."

"இந்த வெயில்லயா? ஏன்?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "குடிச்சா அந்தக் கியரத் தூக்கிட்டுப் போகணும்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் கியரைச் செய்தவன் நான்.

ஒரு வாரம் ஓய்வு, அதன்பின் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பரளச்சியில் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அங்க தண்ணி குடிக்க முடியாதுன்னா, இவ திங்கக்கிழம வேலைக்குப் போக வேணாம்." பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை அது. பவித்ரா ஐடி கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

கியர் பிறந்த கதை

எங்கள் மில்லுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வீணாகிறது என்று மேனேஜர் அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். தேவைப்படுகிறவர்கள் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். பூட்டோடு வந்த மூன்று சாவிகளில் இரண்டு தொலைந்தன. மூன்றாவதை என்னிடம் கொடுத்து, "தர்மரு, இது ஜென்மத்துக்கும் தொலையக் கூடாது. ஏதாச்சும் செய்யி" என்றார்.

செய்தேன். இரண்டு கிலோ எடையுள்ள பழைய கியர் வீல் ஒன்றை எடுத்து, சங்கிலி வெல்டிங் வைத்து, சாவியை அதில் கோத்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். அதோடு விடாமல் 'லேடீஸ் டாய்லெட்' என்றும் மில்லின் ஃபோன் நம்பரையும் இங்கிலீஷில், இரும்பில் எழுத்துக் குழியும்படி பஞ்ச் அடித்தேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தாறு வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே கைகுலுக்கல் அதுதான்.

அன்றிலிருந்து பெண்கள் அதைக் கைப்பிள்ளைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார்கள். "என்ன மதினி, கியர் மாத்தப் போறீகளா?" என்று ஆண்கள் கேட்பார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

தொலைக்கப் பார்த்தது

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜரிடம் போய், "அந்தக் கியர எடுத்துரலாமா சார்?" என்றேன்.

"நீ செஞ்சதுதானய்யா? மூணு வருசமா தொலையல. இந்த மில்லுல ஒழுங்கா வேல செய்யிற ஒரே சாமான் அதுதான்."

அதற்குமேல் பேசத் தைரியமில்லை. ஆகவே அதைத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தொலைந்தால் மேனேஜர் சலித்துப்போய்ப் பூட்டையே விட்டுவிடுவார் என்பது என் கணக்கு.

அன்றே அதைக் கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் திணித்தேன். லாரியில் ஏற்ற மூட்டையைத் தூக்கிய லோடுமேன், "ஆத்தாடி! பஞ்சுக்கு எலும்பு மொளச்சிருச்சு!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் கியர் மேஜைக்குத் திரும்பியது.

புதன்கிழமை, பழைய இரும்புக் கடைக்குப் போகும் மூட்டைக்குள் போட்டு அனுப்பினேன். மதியம் கடைக்காரர் நம்பரைப் பார்த்து ஃபோன் போட்டார். "ஒங்க மில்லு கக்கூஸு சாவி நம்ம கடைக்கு வந்திருக்கு. பத்திரமா வச்சிருக்கேன், ஆள் அனுப்புங்க." அதை வாங்கிவர மேனேஜர் நம்பிக்கையான ஆளைத் தேடி, என்னை அனுப்பினார்.

வியாழக்கிழமை என் ஷிஃப்ட் முடிந்ததும் அதை டிபன் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். கியரை வெளியே எடுத்துச் சீட்டுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, பரளச்சியில் பையோடு இறங்கி வேகமாக நடந்தேன். கிளம்பிய பஸ் நின்றது. விசில் சத்தம். கண்டக்டர் படியில் தொங்கியபடி, பஞ்ச் எழுத்தைப் படித்துக் கத்தினார். "அண்ணே! லேடீஸ் டாய்லெட்ட விட்டுட்டுப் போறீக!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வாங்கிப் பையில் போட்டேன். பத்தடி தாண்டுவதற்குள் பையின் அடிப்பகுதி கிழிந்து, டிபன் பாக்ஸ் ஒரு பக்கமும் கியர் ஒரு பக்கமும் உருண்டன. பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடைத்தெருவில் நடந்தேன். இடுப்பில் வைத்தால் பாரம் குறைவாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பங்காளி, "ஏலே தர்மா, இம்புட்டு வேர்க்குது, நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றான். "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கூட்டினேன். நான் என்ன சொன்னேன் என்பது நாலு வீடு தள்ளிப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வாசலில் பவித்ரா நின்றிருந்தாள். கியரைப் பார்த்தாள். "என்னப்பா, இத இங்க கொண்டாந்துட்டீக? இப்ப ரெண்டாம் ஷிஃப்டுல இருக்கவுக என்ன செய்வாக?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து மில்லுக்கு ஓடினேன்.

நாலு ஸ்க்ரூ

ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டும் பாண்டியம்மா, பூட்டிய கழிப்பறைக் கதவருகே இன்னும் நான்கு பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பிடுங்கி, முதலில் அவசரமானவரை உள்ளே அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளா சாவி வாரதும் போறதுமா இருக்கு. அது நீங்கதானா?"

மறைக்காமல் சொன்னேன். மகள் மயங்கி விழுந்தது, திங்கட்கிழமை கெடு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாவியத் தொலச்சா கதவு தானாத் தொறந்துருமாண்ணே? பூட்டு மாட்டுற கொண்டியில நாலு ஸ்க்ரூதான் இருக்கு. நீங்க ஃபிட்டரா, இல்ல வேற ஏதாச்சுமா?"

மற்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மெஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து கொண்டியைக் கழற்றினேன். முதல்முறையாக உள்ளே போய்ப் பார்த்தேன். உட்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளியே பூட்டுப் போட்ட எங்களுக்கு அது தோன்றவே இல்லை. "ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவல் நிக்கணும்" என்றார் பாண்டியம்மா. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆறு மாசம். மெசினுக்கு ரிப்பேர் நோட்டு வச்சிருக்கீக. இதுக்கு எந்த நோட்டுல எழுத?"

வாஷர் மாற்றப் பத்து நிமிடம். தாழ்ப்பாள் போடப் பதினைந்து நிமிடம்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "எவன்யா பூட்டக் கழட்டுனது?"

"நான்தான் சார்." திரும்பிப் பார்த்தால் பின்னால் பாண்டியம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"அப்ப தண்ணி?"

"தண்ணி எங்களால போகல சார், கொழாயால போச்சு" என்றார் பாண்டியம்மா. "அண்ணன் நேத்து அடச்சிட்டாரு. வேணும்னா டேங்க்கப் பாருங்க."

மேனேஜர் மேஜைமேல் இருந்த கியரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கை சாய்ந்தது. இரண்டு கையாலும் தூக்கினார். "ஏன்யா, இவ்வளவு கனமாவா செஞ்ச?"

"நீங்கதான் சார் கை குடுத்தீக."

அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "சரி சரி, போங்க. டேங்க்க நான் தினம் பாப்பேன்" என்றார். ஒரு வாரம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பவித்ரா வந்தாள். பதினொரு மணி வாக்கில் நான் ரிங் ஃபிரேமுக்கு அடியில் படுத்திருந்தேன். லேபிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பு என் தலைமாட்டைத் தாண்டி ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். வெறும் கையை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிதாக வரும் ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதைச் செய்தாலும், செய்து முடித்ததும் நீங்களே அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். அதற்கும் முன்னால், அதைத் தூக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கியர் இப்போது லேப் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பஞ்ச் எழுத்தைப் பார்த்துவிட்டு வெளியாட்கள் சிலர் லேபுக்குள் அவசரமாக நுழைந்துவிடுகிறார்கள். பவித்ரா கையை நீட்டி வழி காட்டுகிறாள்.

எனக்குப் பதற்றம் இன்னும் போகவில்லை. தினமும் சாயங்காலம் அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்க்கிறேன். "காலிதாம்ப்பா, குடுங்க" என்று பிடுங்கிக்கொள்கிறாள்.