இடக்கையில் ஓர் இரும்புக் காப்பு

இந்த மலாயா நாட்டில் நான் வலிப்பு வந்து விழுந்தால், ஒருவரும் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதில்லை. போன வாரம் சீனர் கடை வாசலில் விழுந்தேன். கண் விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கு அடியில் மடித்த சாக்கு. நான் கேட்டிருந்த வெங்காயத்தை நிறுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். பக்கத்து வீட்டு மலாய்க்காரி குனிந்து, "சாக்கிட்?" என்றாள். நோவா என்று கேட்கிறாள். நானோ பதறிப்போய், சாமியுமில்லை பேயுமில்லை என்று தமிழில் சத்தியம் செய்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

நம்மூர்க்காரர்களே, நீங்கள் அப்படியா விடுவீர்கள்? வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் விழுந்தபோது கௌமாரி இறங்கிவிட்டாள் என்றீர்கள். வாயில் நுரையோடு கிடந்தவளின் காலைத் தொட்டு, "எம் மகளுக்குப் பிள்ள எப்பத் தாயே?" என்று குறி கேட்டாளாம் ஒருத்தி. அதே மாதம் கிணற்றடியில் விழுந்தேன். காலைத் தொட்ட அதே புண்ணியவதி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "காக்கா வலிப்புடி! எச்சி பட்டா ஒட்டிக்கிரும்!" அடி சண்டாளி, அம்மனுக்கு மட்டும் எச்சில் கிடையாதா?

அதன் பிறகுதான் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோவிலில் வைத்து என் இடக்கையில் இரும்புக் காப்பை மாட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டதும் காபித்தண்ணியைக்கூடத் தொடாமல் எழுந்தார்கள். கடைசியில் இங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவரைப் பிடித்தாள் ஆத்தா. கண்ணாடி வளையலை நிறைய அடுக்கிக் காப்பை மறைத்தாள். "வாயத் தெறக்காத. கடலத் தாண்டிட்டா யாரு வந்து கேக்கப் போறாக?"

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவர் கண்முன்னாலேயே விழுந்தேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்று மூட்டை கட்டி வைத்தேன்.  அவரோ தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனார். மாத்திரையில் வலிப்பு குறைந்தது. எப்போது விழுவோமோ என்ற பயத்துக்குத்தான் மாத்திரை இல்லை.

இப்போது தங்கைக்குக் கல்யாணம். வருகிறேன் என்று, ஊருக்குப் போன எங்கள் தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லியனுப்பினேன். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க ஆத்தா வர வேணாம்னாக, தாயி. பந்தல்ல விழுந்துட்டா தங்கச்சி வாழ்க்க போயிருமாம்." பெற்ற வயிறு பேசுகிற பேச்சா இது?

முகூர்த்த நாளன்று அழுது தீர்த்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் காப்பைக் கழற்றப் பார்த்தேன். கை தடித்துவிட்டது, வரவில்லை. என் வீட்டுக்காரர் அரத்தை எடுத்துவந்தார்.

"இந்தா, அறுத்துரவா?"

கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம், இருக்கட்டும். பெறந்த வீட்டுச் சீருன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."