அக்காவின் ஆல்ட்டோ

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. பாட்டிலும் அப்படித்தான். கடலூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். இரண்டாவது சரணம் வருவதற்குள் நான் தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்துவிடுவேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளுவாள். காலப்பிரமாணம் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு முழங்கைதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே குரல். சேர்ந்து பாடினால் ஒருத்தியே சத்தமாகப் பாடுவது போல இருக்கும். எது யாருடையது என்று அம்மாவாலேயே சொல்ல முடியாது. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. வீட்டில் துணி மடிக்கும்போது அவள் முணுமுணுத்தால்கூட நான் உடனே சேர்ந்துகொள்வேன்.

கல்யாணமாகிச் சிதம்பரம் போன பிறகும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட அக்கா தவறாமல் வந்துவிடுவாள். போன வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது, மூச்சும் நீளவில்லை. இனிமேல் பாடுவாளா என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. டிசம்பரில் அவளே போன் செய்தாள். "ஒரு பாட்டு பாடிப் பாக்குறேன்டி. முடியலன்னா வுட்டுடுறேன்."

ஒத்திகையில் கீபோர்டு தம்பி வழக்கமான வேகத்தில் ரிதம் போட்டார். முதல் வரியின் பாதியிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மேலே ஏறவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"கொறைச்சா பாட்டு படுத்துரும்க்கா" என்றார்.

"படுத்தா படுக்கட்டும் தம்பி. அந்த ரிதமையும் ஆஃப் பண்ணுங்க."

என் கோபம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடனே ரிதமை அணைத்தார். அக்காவைக் கீழ்க்குரலான ஆல்ட்டோவைப் பாடச் சொல்லிவிட்டு, மேல்குரலை நான் பிடித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் காலையில் அப்படியே பாடினோம். அவ்வளவு மெதுவாக நான் எதையும் பாடியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவள் மூச்சு எடுக்கும்வரை காத்திருந்தேன். மெல்லிசாக என் குரல், அதற்கு அடியில் சொரசொரவென்று அவளுடையது. ஒரே நூலாக இருந்த பாட்டில் இப்போது இரண்டு நூல் தெரிந்தது. கேட்டவர்கள் இதுதான் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருசமா பக்கத்துல நின்னு பாடியிருக்கேன். இன்னிக்குத்தான்டி உன் குரலு எனக்குத் தனியா கேட்டுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய பழைய குரலை நான் ஒருநாளும் தனியாகக் கேட்டதில்லை.