யானைக்கு வழிவிட்ட சிப்பாய்கள்

எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். உடன் வேலை பார்த்த வலியசாலைக்காரன் மணியும் நானும் ஓய்வு நேரத்தில் செஸ் ஆடும் புரோகிராம் ஒன்று எழுதினோம். காய்களை நகர்த்தும் பகுதி அவனுடையது. எந்த நிலை நல்லது என்று மதிப்பெண் போடும் பகுதி என்னுடையது. சொந்தச் சிப்பாய் மறிக்காத நேர்வரிசையில் யானை நின்றால் கூடுதல் மதிப்பெண் என்று தாராளமாகவே போட்டிருந்தேன்.

ஓண விழாவில் மேலதிகாரி அதனோடு ஆட உட்கார்ந்தார். யானைக்கு முன்னால் நின்ற சிப்பாய்களை அது தானாகவே வெட்டக் கொடுத்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது எந்தா இப்படி?" என்றார் அதிகாரி.

"காய் நகர்த்தற பகுதி மணி எழுதினது சார்" என்றேன்.

மணி என்னைப் பார்த்தான். "சரி பண்ணிடறேன் சார்" என்றான்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னான்: "சிப்பாயைவிட யானையோட வழிக்கு ஜாஸ்தி மார்க் போட்டிருக்கே. அது நீ சொன்னதைத்தானே பண்ணித்து? வா, பந்திக்கு நாழியாறது."

பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பாயசம் வந்தபோது, "மணிக்குப் பார்த்து ஊத்து, அதையும் வெட்டக் கொடுத்திடுவான்" என்றார் அதிகாரி.

எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். பழி போட்டதற்குப் பயம் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.