மகாராணியின் மார்புக்குள் ஒரு ரேடியோ

காவிரி மேல் ஆணையாகச் சொல்கிறேன்... இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

டெட்டால் வாசனையும் ஆட்டுப் புழுக்கை வாசனையும் சரிபாதி கலந்த ஒரு கொட்டகை. திருவெள்ளறை தாண்டி ஒரு ஆராய்ச்சிப் பண்ணை. எனக்கு முதல் வேலை அங்கேதான், மதிய ஷிஃப்ட். பதவி என்னவோ டெக்னீஷியன்; ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு மட்டும் விஞ்ஞானி.

அங்கே மகாராணி என்று ஒரு வெள்ளாடு. அவள் தோலுக்கடியில், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சென்சார் வைத்துத் தைத்திருந்தார் எங்கள் ஸ்டெல்லா டாக்டர். ஒயர் கிடையாது. மனிதர் பக்கத்தில் நின்றால் ஆடு மிரளும், துடிப்பு மாறிவிடும் இல்லையா... அதனால் அவள் பாட்டுக்கு மேய்வாள். அவள் இதயம் அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் கோடாக ஓடும்.

மதியமானால் அந்தக் கோடு மலைக்கோட்டை உயரத்துக்கு எகிறும். ஓடிப்போய்ப் பார்த்தால் மகாராணி முனிவர் மாதிரி அசை போட்டுக்கொண்டிருப்பாள்.

சென்சார் பழுது என்று முடிவாயிற்று. அப்படியென்றால் அவளை மறுபடி அறுத்து, வேறு வைக்க வேண்டும். நாளும் குறித்தாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை... பரோட்டாதான் இறங்கியது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், டாக்டருக்கு என்ன தோன்றியதோ, என்னை வர வேண்டாம் என்றார். அன்று கோடு ஆற்று மணல் மாதிரி அமைதியாகக் கிடந்ததாம். சாயங்காலம் போன் போட்டு உடனே கிளம்பி வரச் சொன்னார்.

என் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கிளப்பினால், ஷிஃப்ட் முடிந்த சங்கு என்று நினைத்து பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பே வீட்டுக்குப் போய்விடும். கொள்ளிடத்தில் பாலம் இருந்தும், தண்ணீர் மரியாதைக்கு விலகி நிற்கும்.

போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"சென்சார் நல்லாத்தாங்க இருக்கு. கோளாறு நீங்கதான்."

"நான் என்ன டாக்டர் பண்ணேன்?"

"உங்க வண்டி மெயின் ரோட்டுல திரும்பறப்பவே இவளுக்கு எகிறுது. தினம் என்ன குடுக்கறீங்க?"

வாழைப்பழம். டியூட்டிக்கு ஏறுமுன் பழம் எனக்கு, தோல் அவளுக்கு.

"ஆபரேஷன்லாம் வேண்டாம். நாளையிலேர்ந்து நீங்க பஸ்ல வாங்க."

கத்தியிலிருந்து தப்பினாள் மகாராணி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி...

இப்போது என்னிடம் இருப்பது சத்தமே போடாத பேட்டரி வண்டி. வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தால், "கொரியரா?" என்கிறாள் மனைவி.

மேலே சொன்னதில் முக்கால்வாசி அளப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வருகிற சத்தம் கேட்டு ஒரு ஜீவனின் நெஞ்சு துள்ளியது... அது மட்டும் நிஜம். என் கண்ணால் பார்த்தேன்.