ஷெமோகெவ்லே: ஒரு ஜார்ஜிய வினைச்சொல்லுக்காக பிரைட்டன் பீச் வரை

வருகிற வியாழக்கிழமை என் பத்து வயது மகள் யாழினிக்கு டான்சில் ஆபரேஷன். நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர் அபார்ட்மென்ட்டில் இருக்கும் மனானா ஆன்ட்டி அதைக் கேள்விப்பட்டு போன வாரம் வந்தார். ஜார்ஜியாக்காரர் (அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா இல்லை, தனி நாடு). பிள்ளையைச் சுற்றி ஒரு முறை நடந்து, "ஷெமோகெவ்லே" என்றார். அட, நம்ம ஊரில் திருஷ்டி சுற்றுவது போல என்று எனக்கு ஒரே குஷி. "இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க ஆன்ட்டி, மூணா இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுற்றினார்.

அந்தப் பார்வை மண்டையைக் குடைந்தது. அர்த்தம் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டார். ஜார்ஜியாக்காரர்கள் கடை வைத்திருக்கும் பிரைட்டன் பீச்சில் கேட்கலாம் என்று சனிக்கிழமை காலை 8:50க்கு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். நியூயார்க்கில் இறங்கி, Q சப்வே பிடித்து, 11:15க்கு பிரைட்டன் பீச். போக வர 46 டாலர். வார இறுதியில் சப்வே தடம் மாறும், ஆப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜார்ஜிய பேக்கரி ஒன்றில் சீஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு, கடைக்காரர் லெவானிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: "உன்னைச் சுத்தி வரேன்னு அர்த்தம். அந்தக் காலத்துல நோயாளியைச் சுத்தி நடந்து, உன் நோவு எனக்கு வரட்டும்னு வேண்டிப்பாங்க. இப்போ அது கண்ணே, செல்லமேங்கிற மாதிரி ஆயிடுச்சு. வாயால சொல்றதோட சரி, யாரும் நடக்கிறதில்ல."

"எங்க ஆன்ட்டி நடந்தாங்க. மூணு சுத்து."

மாவு பிசைந்த கை நின்றது. "அப்போ அவங்க சும்மா சொல்லல."

நாம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவோம். கெட்டதை மிளகாய் வாங்கிக்கொள்ளும். இவர்கள் வழக்கத்தில் சுற்றுகிற ஆளே வாங்கிக்கொள்கிறார். போன வருடம்தான் ஆன்ட்டிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நான். ஆனாலும் திரும்பி வரும்போது ரயிலில் இருப்புக்கொள்ளவில்லை.

மாலை நாலரைக்கு நேராக அவர் கதவைத்தான் தட்டினேன். "தெரியாம கேட்டுட்டேன் ஆன்ட்டி. ரிவர்ஸ்ல மூணு சுத்து சுத்தி கேன்சல் பண்ணிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "என் பையனை நேர்ல பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. சுத்தி வர இந்த ஊர்ல எனக்கு யார் இருக்கா? இதையும் கேன்சல் பண்ணச் சொல்றியா?"

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எங்கள் காரில் அவரும் வருகிறார்.