தப்பு விட்டவருக்கு டீ வாங்கும் வேலை

இன்று காலை ஒரு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் விரல் 'டிஸ்கஸ் அபவுட்' என்று போனது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர் அந்த 'அபவுட்'டை எடுத்துவிட்டது. ஒரு திட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்பீர்கள். எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

என் முதல் வேலை மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும். சோழவந்தானிலிருந்து பஸ்ஸில், வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நின்று வருவேன். துப்பட்டாவெல்லாம் ஈர வெற்றிலை வாசம். அதை வைத்துத்தான் பக்கத்து நாற்காலி மும்தாஜ் என்னிடம் முதலில் பேசினாள். "பாக்கு எங்கடி?" என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுவரை அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். எழுதிய பதிலைப் பக்கத்து ஆளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தப்பு விட்டவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். மாட்டுவதெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகளில்தான். 'உங்களுக்கு வந்து சேரும்' என்று மனசுக்குள் தமிழ் ஓடும், கை 'ரீச் டு யூ' என்று எழுதும். அங்கே 'டு' கூடாது. ஆனால் மெயிலுக்கு 'ரிப்ளை' என்றால் 'டு' வேண்டுமாம். மண்டேக்கு முன்னால் 'இன்' போடுவேன், 'ஆன்' என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் என் தீராத வியாதி இந்த 'டிஸ்கஸ் அபவுட்'. தமிழில் 'அதைப் பற்றி' என்றுதானே சொல்கிறோம் என்று வாதாடுவேன்.

"டிஸ்கஸ்ஸுக்குத் துணை வேணாம்டி. அது தனியாவே போயிரும்" என்பாள் மும்தாஜ்.

ஆனால் என்னைத் தனியாகப் போகவிட்டதில்லை. நான் மாட்டிய கையோடு அவளும் 'இன் மண்டே' என்று உரக்கப் படிப்பாள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேண்டுமென்றே தப்பு விடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு இருவரும் இறங்குவோம். திரும்பி ஏறும்போது டீ பாதி ஆறியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் தினமும் பஸ் ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆபீசை மூடினார்கள். மும்தாஜ் கல்யாணமாகி துபாய் போனாள். பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் அனுப்புவாள். இரண்டிலும் யாரோ செய்த பூப்படம்.

அடுத்த மாதம் மதுரை வருவதாகப் போன வாரம் எல்லோருக்கும் பொதுவாகத் தகவல் போட்டிருந்தாள். இன்று மதியம் மனசு கேட்காமல், எங்கே பார்க்கலாம், 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்' என்று அவளுக்கு அடித்தேன். போனும் திருத்தியது. நான் விடாப்பிடியாக 'அபவுட்'டைத் திரும்பச் செருகி அனுப்பினேன். 'போடி, போயி டீ வாங்கிட்டு வா' என்று பதில் வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. 'ஷ்யூர்.' கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

தப்பு விட்டவள் நான்தானே, எழுந்து போய் டீ போட்டேன். ஒரு ஆளுக்கு மட்டும் டீ போட எனக்கு இன்னும் கைவரவில்லை, பால் மிஞ்சிவிடுகிறது. எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. கீழே டீக்கடை அப்படியே இருக்கிறது. நான் தப்பு விட்டால் கூடவே ஒரு தப்பு விட்டுவிட்டு எழுந்து வருகிற ஆள்தான் இல்லை.